சவரக்கத்திக்கு மாறுகிறவர் முதலில் வாங்க வேண்டியவை

மடக்குச் சவரக்கத்தியில் சொந்தமாகச் சவரம் செய்யப் பழக விரும்புகிறவர்கள் முதலில் கேட்பது "எந்தக் கத்தி வாங்கலாம்?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "அதை யார் தீட்டிக் கொடுக்கிறார்கள்?" பிடி என்ன மரம், அலகில் என்ன வேலைப்பாடு, எந்த ஊர் முத்திரை என்பதெல்லாம் அதற்கு அப்புறம். கூர் சரியில்லாத கத்தி முடியை வெட்டாது, இழுக்கும். கன்னம் எரியும். புதிதாகப் பழகுகிறவருக்குக் கோளாறு கையிலா கத்தியிலா என்று தெரியாது. இன்னும் கொஞ்சம் அழுத்திப் பார்ப்பார், வெட்டு விழும். அதோடு கத்தி அலமாரிக்குப் போய்விடும். அப்படிப் போன கத்திகளை நண்பர்கள் என்னிடம் கொண்டுவருவதுண்டு. கல்லில் போட்டுச் சரிசெய்து கொடுத்தால், அதே ஆள் அதே கத்தியில் நிம்மதியாகச் சவரம் செய்கிறார்.

ஆரம்பிக்க ஐந்து பொருள் போதும்: ஒரு கத்தி, கூரைச் சீராக வைக்க ஒரு தோல்வார் (தோல் பட்டை), ஒரு பிரஷ், சவரச் சோப்பு, ஒரு படிகாரக் கட்டி. இவற்றில் கத்திக்கும் தோல்வாருக்கும்தான் யோசித்துச் செலவு செய்ய வேண்டும். மற்றவை எளிது. சாணைக்கல்லை இதில் சேர்க்கவில்லை. வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன், காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

கத்தி

கத்தியை விரித்துப் பிடித்து அதன் முதுகைப் பாருங்கள். கூருக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் தடித்த பகுதி அது. தீட்டும்போது முதுகும் கூரும் இரண்டும் ஒரே சமயத்தில் கல்லில் படுத்திருக்கும். அதனால் கூரின் கோணம் என்ன என்பதை முதுகின் தடிப்பும் அலகின் அகலமும்தான் முடிவு செய்கின்றன. பெரும்பாலான கத்திகளில் அது 16, 17 பாகையை ஒட்டி வரும். தீட்டுகிறவர் கோணத்தைக் கையால் காக்க வேண்டியதில்லை, கத்தியே பார்த்துக்கொள்ளும். சமையலறைக் கத்திக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான். முதுகு தேய்ந்துபோன கத்தியும், முறுக்கு விழுந்த கத்தியும் ஏன் தலைவலி என்பதற்கும் காரணம் இதுதான்.

அகலத்தை அங்குலத்தில் எட்டில் எத்தனை பங்கு என்று சொல்வார்கள். 4/8, 5/8, 6/8 என்று போய் 8/8 வரை கிடைக்கும். முதல் கத்திக்கு 5/8 அல்லது 6/8 எடுங்கள், அதாவது ஏறக்குறைய 16 அல்லது 19 மில்லிமீட்டர். 4/8 கையில் லேசாக இருக்கும், ஆனால் இரண்டு இழுப்பில் அலகு முழுக்க நுரை ஏறிவிடும், அடிக்கடி அலச வேண்டும். 7/8-க்கு மேல் போனால் கனம் கூடும், மூக்குக்கு அடியில் திருப்ப இடம் இருக்காது. பெரிய கத்தி பார்க்கக் கம்பீரமாக இருக்கும் என்பது உண்மைதான். அதைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

அடுத்தது அலகின் குழிவு. அலகை நுனிப் பக்கத்திலிருந்து நேராகப் பார்த்தால் இருபுறமும் உள்வாங்கியிருப்பது தெரியும். நன்றாக உள்வாங்கி, கூருக்கு அருகில் காகிதம் மாதிரி மெலிந்திருந்தால் ஃபுல் ஹாலோ. பாதி குழிந்தால் ஹாஃப் ஹாலோ. குழிவே இல்லாமல் ஆப்பு வடிவில் இருந்தால் வெட்ஜ். ஃபுல் ஹாலோ கத்தி முடியை வெட்டும்போது அலகு அதிர்ந்து மெல்லிய சரசரப்பு கேட்கும். பழகுகிறவருக்கு இந்தச் சத்தம் பெரிய உதவி. கோணம் சரியாக இருக்கும்போது ஒரு மாதிரியும், சுரண்டும்போது வேறு மாதிரியும் ஒலிக்கும், காதாலேயே திருத்திக்கொள்ளலாம். வெட்ஜ் சத்தம் போடாது, கனத்தால் வேலை செய்யும், முரட்டு தாடிக்கு அருமை. ஆனால் தீட்டுவது கடினம். முதல் கத்தி ஃபுல் ஹாலோவோ ஹாஃப் ஹாலோவோ எதுவானாலும் சரி, வெட்ஜ் மட்டும் இப்போது வேண்டாம்.

நுனி வட்டமாக இருக்கட்டும். இதில் நான் பிடிவாதக்காரன். சதுர நுனி மீசை ஓரத்தைக் கோடு போட்டதுபோல் வெட்டும் என்பார்கள், அது சரிதான். ஆனால் பழகும் நாட்களில் கவனம் முழுக்கக் கன்னத்தில் இருக்கும், நுனி காது மடலையோ மூக்கு ஓரத்தையோ குத்துவது தெரியாது. வட்ட நுனி அந்த இடங்களில் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

எஃகில் இரண்டு வகை: கார்பன் எஃகு, துருப்பிடிக்கா எஃகு. கார்பன் எஃகு கல்லில் சீக்கிரம் பதம் பிடிக்கும், ஆனால் ஈரம் தங்கினால் துருவும். துருப்பிடிக்கா எஃகுக்குக் கல்லில் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும், பராமரிப்பு சுலபம். காற்றில் ஈரப்பதம் அதிகமுள்ள இடத்தில் இருந்தாலோ, துடைத்து வைக்கச் சோம்பலாக இருந்தாலோ இரண்டாவதே நல்லது. மற்றபடி கார்பன் எஃகுதான் என் விருப்பம்.

புதுக் கத்தி என்றால் ஜெர்மனியின் சோலிங்கன் நகரக் கத்திகளைத் தயங்காமல் பார்க்கலாம். அந்த ஊர்ப் பெயரைக் கத்தியில் பொறிப்பதற்கு 1938 முதல் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. வேறெங்கோ செய்துவிட்டு அந்தப் பெயரைப் போட முடியாது. 1906-இல் தொடங்கிய டோவோ, கைவினைஞர் ரால்ஃப் ஆஸ்ட்டின் பட்டறை ஆகியவை அங்கே இருப்பவை. பிரான்சின் தியேர் நகரத்தில் 1884-இல் தொடங்கிய தியேர்-இஸ்ஸார் இன்னொரு நம்பகமான பெயர். இந்தப் பெயர்களெல்லாம் எஃகுக்கும் பதத்துக்கும் உத்தரவாதம். கூருக்கு உத்தரவாதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தொழிற்சாலையிலிருந்து வரும் பல கத்திகள் சவரத்துக்கு உடனே தயாராக இருப்பதில்லை.

அதனால் விற்பவரிடம் நேராகக் கேளுங்கள். "இது ஷேவ் ரெடியா? தொழிற்சாலைக் கூரா, நீங்கள் கல்லில் தீட்டியதா? கடைசியாக எந்தக் கல்?" தானே தீட்டி விற்பவர் இந்தக் கேள்விக்கு மகிழ்ச்சியாகப் பதில் சொல்வார், எந்தக் கல்லில் முடித்தேன் என்று விவரிப்பார். "ரொம்ப ஷார்ப்பா இருக்கும்" என்று மட்டும் பதில் வந்தால், தீட்டும் செலவையும் கத்தியின் விலையோடு சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சவரக்கத்தி தீட்டுவதையே வேலையாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். நேரில் கிடைக்காவிட்டால் தபாலில் அனுப்பியும் தீட்டி வாங்கலாம். கத்தரிக்கோலும் வீட்டுக் கத்தியும் பிடிக்கும் சுழல் சாணையில் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அந்தச் சூட்டில் மெல்லிய கூரின் பதம் போய்விடும், பிறகு எந்தக் கல்லும் மீட்காது.

கத்தி வந்ததும் செய்ய வேண்டிய சோதனை இது. இருட்டான அறையில் ஒரே ஒரு விளக்கைப் போடுங்கள். கூர் மேலே பார்த்தபடி கத்தியைப் பிடித்து, விளக்கை நோக்கி மெதுவாக முன்னும் பின்னும் சாயுங்கள். நல்ல கூரில் ஒளி தங்க இடமில்லை, கறுப்புக் கோடாகத்தான் தெரியும். எங்காவது வெள்ளைப் புள்ளியோ கீற்றோ மின்னினால், அங்கே கூர் மடங்கியிருக்கிறது அல்லது பொடிந்திருக்கிறது. ஒரு சின்ன உருப்பெருக்கி லென்ஸ் இருந்தால் இன்னும் தெளிவாகும். அப்புறம் முன்கை முடியில் பார்க்கலாம். தோலைத் தொடாமல், முடியின் பாதி உயரத்தில் கத்தியை நகர்த்தினால் முடி சத்தமில்லாமல் விழ வேண்டும். கட்டைவிரலை வைத்துக் கூர் பார்க்கும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். விரலும் வெட்டுப்படும், கூரும் கெடும்.

தீட்டி வந்த கத்தி என்றால் முதல் சவரத்துக்கு முன் அதைத் தோல்வாரில் போடாதீர்கள். நல்ல கூர் முகத்தில் எப்படி இருக்கும் என்பதைக் கலப்படமில்லாமல் தெரிந்துகொள்ள அந்த ஒரு சவரம்தான் வாய்ப்பு. பின்னால் எல்லாவற்றையும் அதோடுதான் ஒப்பிடப் போகிறீர்கள்.

பெட்டியில் கத்தி, வார், பிரஷ், கிண்ணம் எல்லாம் போட்டு அலங்காரமாக வரும் மலிவான செட்டுகளைப் பற்றிக் கேட்பார்கள். என் தம்பி முறை ஆகும் ஒருவருக்குப் பரிசாக வந்த செட்டைப் பிரித்துப் பார்த்தேன். கத்தியை முதுகோடு கண்ணுக்கு நேராகப் பிடித்தால் நுனிப் பக்கம் முறுக்கு தெரிந்தது. கல்லில் வைத்தால் ஒரு மூலை படவே இல்லை. எஃகு மெத்தென்று இருந்ததால் எடுத்த கூரும் ஒரு சவரம் தாங்கவில்லை. பிரஷ் மட்டும் பரவாயில்லை. மூன்று செட்டு விலையைச் சேர்த்து ஒரு நல்ல கத்தி வாங்குவதே லாபம்.

பழைய கத்தி

பழைய கத்தி நல்ல வழி. நான் அதிகம் பயன்படுத்துவதும் பழையவைதான். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 1740-களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் உருக்குக்குவளையில் எஃகு செய்யும் முறையைக் கொண்டுவந்தார். அதிலிருந்து அந்த ஊர்க் கத்திகள் உலகமெங்கும் போயின. ஸ்வீடனின் எஸ்கில்ஸ்டூனாவில் செய்த ஹெல்யஸ்ட்ராண்ட் கத்திகளை இன்றும் தேடி வாங்குகிறார்கள். 1904-இல் ஜில்லெட், பிளேடை மாற்றிப் போடும் தன் ரேசருக்குக் காப்புரிமை பெற்றபின் சவரக்கத்திகள் மெல்ல மெல்ல வீட்டுப் பயன்பாட்டிலிருந்து விலகின. ஆனால் அவை ஒன்றும் கெட்டுப்போய் விலகவில்லை, அலமாரிகளில் அப்படியே தங்கிவிட்டன. அந்த எஃகு இன்றைக்கும் வேலை செய்யும்.

வயதை ஓரளவு ஊகிக்க ஒரு வழி உண்டு. அமெரிக்காவின் 1890-ஆம் ஆண்டு மெக்கின்லி சுங்கச் சட்டம், இறக்குமதிப் பொருளில் அது எந்த நாட்டில் செய்தது என்று குறிக்கச் சொன்னது. வாலில், அதாவது அலகு பிடியோடு சேரும் பகுதியில், நாட்டுப் பெயர் பொறித்திருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்தையது.

ஆனால் பழைய கத்தியில் வயதைவிடக் கூர்தான் முக்கியம். அலகின் நடுவிலோ வாலிலோ கறை இருந்தால் கவலையில்லை. கூரிலிருந்து சில மில்லிமீட்டருக்குள் கரும்புள்ளிகளாகத் துருக்குழி இருந்தால் விட்டுவிடுங்கள். தீட்டத் தீட்ட அந்தக் குழி கூருக்கே வந்து பொடியும். விரிசல் மயிரிழை அளவு இருந்தாலும் வேண்டாம். கூர் லேசாக வெளிப்பக்கம் வளைந்திருந்தால் பரவாயில்லை, உள்பக்கம் குழிந்திருந்தால் வேண்டாம், அது தப்பாகத் தீட்டியதன் அடையாளம். முதுகில் கல் பட்ட தட்டையான கோடு எல்லாக் கத்தியிலும் இருக்கும். அது மெலிதாக, முழு நீளத்துக்கும் ஒரே சீராக இருக்கிறதா என்று பாருங்கள். நுனியில் அகலமாகவும் அடியில் மெலிதாகவும் இருந்தால் ஒரு பக்கமே தேய்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

பிடியையும் மோந்து பாருங்கள். பழைய செல்லுலாய்டு பிடி சிதையத் தொடங்கினால் அமில வாயு விடும், பிடிக்குள் மடங்கியிருக்கும் அலகு அந்த வாயுவிலேயே துருவேறும். வெளியே பளபளப்பாக இருக்கும் பிடிக்குள் கத்தி அழுகுவதை நான் பார்த்திருக்கிறேன். காரமான புளித்த நெடியோ, கற்பூரம் கலந்த கடும் வாசமோ வந்தால், பிடிக்குள் மூடும் பகுதியில் மட்டும் துரு திட்டுத் திட்டாக இருந்தால் அதைத் தொடாதீர்கள். மற்றக் கத்திகளோடு சேர்த்தும் வைக்காதீர்கள்.

பழையதை வாங்கினால் சோப்புப் போட்டுக் கழுவி, 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் நன்றாகத் துடைத்துவிடுங்கள். கொதிக்கும் நீரில் போட்டால் பிடி கெடும், பிளீச்சில் ஊறவைத்தால் எஃகு அரிக்கும். ஒருவர் கத்தியை இன்னொருவர் பயன்படுத்துவது எப்போதுமே கூடாது.

ஷேவெட் பற்றி

சவரக்கத்தி வடிவிலேயே இருந்து, பிளேடை மட்டும் மாற்றிப் போடும் ஷேவெட்டில் ஆரம்பிக்கலாமா என்ற கேள்விக்கு என் பதில் தெளிவானது. தீட்டல், தோல்வார் எதுவும் வேண்டாம், தோது உண்டு. ஆனால் அதில் போடும் பிளேடின் கூர் மிகக் கடுமையானது, கோணம் கொஞ்சம் பிசகினாலும் மன்னிக்காது. மெல்லிய பிளேடு ஆதலால் கனமும் இல்லை. அதில் வெட்டுப்பட்டுப் பயந்தவர்கள் கத்தியும் இப்படித்தான் இருக்கும் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். கத்தி வேண்டும் என்றால் கத்தியிலேயே ஆரம்பியுங்கள். பயணத்துக்கு ஒரு ஷேவெட் வைத்துக்கொள்வது வேறு விஷயம்.

தோல்வார்

தோல்வார் இல்லாமல் கத்தி வாங்காதீர்கள். தீட்டி வந்த பின் செய்யும் அந்த முதல் சவரம் தவிர, ஒவ்வொரு சவரத்துக்கும் முன் கத்தி இதில் போய் வர வேண்டும். முடியை வெட்டும்போது கூர் நுண்ணிய அளவில் கோணிக்கொள்ளும், தோல் அதை நேராக்கிவிடும். தோல்வாரை ஒழுங்காகப் பயன்படுத்தினால் தினமும் சவரம் செய்கிறவருக்குக்கூடப் பல மாதங்களுக்குக் கல் தேவைப்படாது.

தொங்கும் வார்தான் எடுக்க வேண்டியது. ஒரு முகம் தோல், இன்னொரு முகம் லினன் அல்லது கான்வாஸ் துணி. அகலம் 3 அங்குலம் இருக்கட்டும். கத்தியின் கூரும் ஏறக்குறைய அதே நீளம்தான், முழுக் கூரும் ஒரே இழுப்பில் தோலில் படும். இரண்டரை அல்லது இரண்டு அங்குல வாரும் கெட்டதல்ல, ஆனால் கத்தியைக் குறுக்காக நகர்த்திக்கொண்டே இழுக்க வேண்டும். அந்தக் கை பழகச் சில வாரம் ஆகும்.

தோலைக் கையில் தடவிப் பாருங்கள். சில தோல் கத்தியை லேசாகப் பிடித்து இழுக்கும், சில வழுவழுவென்று விடும். எது நல்லது என்பது அவரவர் கைக்குத்தான் தெரியும். நடுத்தர இழுவை உள்ள சாதாரண மாட்டுத்தோலில் ஆரம்பியுங்கள். குதிரைத்தோல் வார் மிக அருமையானது, ஆனால் முதல் வாரில் கத்திக் கீறல் விழாமல் இருப்பது அபூர்வம், அதனால் முதலாவது எளியதாக இருப்பதே புத்திசாலித்தனம். சிலர் முதல் வாரை மாற்றிக்கொள்ளவே தேவைப்படாமல் ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கிறார்கள்.

எப்படிப் போடுவது என்பது வாங்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் எங்கே மாட்டப் போகிறீர்கள் என்பது அதைப் பொறுத்தது. இடுப்பு உயரத்தில் உறுதியான கொக்கி வேண்டும். வாரை ஒரு கையால் விறைப்பாக இழுத்துப் பிடியுங்கள். தொய்ந்தால் கூர் வட்டமாகிவிடும், இதுதான் வாரில் கூர் கெடுவதற்கு முதல் காரணம். முதுகும் கூரும் சேர்ந்து தோலில் படுத்திருக்க, முதுகு முன்னே போக, கூர் பின்னே வர இழுங்கள். முனையில் நின்று, கத்தியை முதுகின் மேல் புரட்டித் திருப்புங்கள். கூர்ப்பக்கமாகப் புரட்டினால் வாரும் போச்சு, கூரும் போச்சு. அழுத்தம் கத்தியின் கனத்துக்கு மேல் வேண்டாம். துணியில் 20, 30 முறை போய் வந்து, தோலில் 40 முதல் 60 முறை என்பது நல்ல அளவு. வேகம் தேவையே இல்லை, படங்களில் பார்க்கும் அந்தத் தடதடப்பைப் பின்பற்ற வேண்டாம்.

மாட்ட இடமில்லாதவர்கள் மரத்தில் தோல் ஒட்டிய கைப்பலகை வகையை வாங்கலாம். தொய்யாது, மேசையில் வைத்தே செய்யலாம். குரோமியம் ஆக்ஸைடு மாதிரியான பசையைத் தடவிக் கூரைக் கொஞ்சம் புதுப்பிக்க விரும்பினால் அதற்கென்று இன்னொரு பலகை வைத்துக்கொள்ளுங்கள். தினமும் பயன்படுத்தும் தோலில் பசை தடவவே கூடாது, தடவினால் திரும்ப எடுக்க முடியாது.

கல்

இப்போது கல். கல்லின் நுண்மையைக் கிரிட் எண்ணால் சொல்வார்கள், எண் கூடக் கூடக் கல் நுண்மையாகும். கத்தியை முதலிலிருந்து தீட்ட 1000 கிரிட் கல்லில் கூரின் சரிவை அமைத்து, 4000 அளவில் ஒன்று, 8000, கடைசியில் 12000 என்று ஏறிப் போக வேண்டும். நான்கு கல்லும், அவற்றைத் தட்டையாக வைத்திருக்க ஒரு வைரத் தகடும் வாங்கும் செலவில் பல தடவை வெளியில் தீட்டி வாங்கிவிடலாம். செலவைவிட முக்கியமானது இது: சவரமே பழகாத நிலையில் தீட்டவும் கற்றுக்கொண்டால், சவரம் எரிந்தால் காரணம் கல்லா, வாரா, கையா என்று பிரித்தறிய வழியே இருக்காது. ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றொன்றைப் பழகுங்கள். சில மாதம் கழித்து ஆசை வந்தால் முடிப்புக் கல் ஒன்று மட்டும் வாங்குங்கள். 12000 கிரிட் செயற்கைக் கல்லோ, பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில் வெட்டியெடுக்கும் கோட்டிக்யூல் கல்லோ போதும். கோட்டிக்யூலில் கார்னெட் மணிகள் நிறைந்திருக்கும், அவைதான் எஃகைத் தேய்க்கின்றன. நன்றாக இருந்த கூர் மங்கும்போது அந்த ஒரு கல்லில் சில இழுப்பு போட்டு மீட்டுவிடலாம்.

பிரஷ், சோப்பு

பேட்ஜர், பன்றி, குதிரை, செயற்கை என்று பிரஷ் முடி பல வகை. இன்றைய செயற்கை முடி மிக நன்றாக இருக்கிறது, ஊறவைக்க வேண்டாம், சீக்கிரம் காயும், விலங்கின் முடி வேண்டாம் என்பவர்களுக்கும் தோது. பன்றிமுடி பிரஷை சிறிது நேரம் நீரில் ஊறவைக்க வேண்டும், பயன்படுத்தப் பயன்படுத்த நுனி பிளந்து மெதுவாகும். அடிப்பக்கக் கட்டு 22 முதல் 24 மில்லிமீட்டர் அகலம் இருந்தால் முகத்துக்குச் சரியாக இருக்கும்.

சோப்பு சவரத்துக்கென்று செய்ததாக இருக்க வேண்டும். குளியல் சோப்பு நுரைக்கும், ஆனால் நுரை நிற்காது. சவரச் சோப்பில் ஸ்டியரிக் அமிலமும் பொட்டாசியம் உப்பும் அதிகம், அதனால்தான் நுரை கட்டியாக, ஈரத்தோடு நீடிக்கிறது. டப்பாவை அழுத்தினால் வரும் நுரையில் காற்றுதான் நிறைய, கத்தி வழுக்கிப் போக அது போதாது. கட்டி சோப்பா, கிரீமா என்பது விருப்பம்.

நுரை தயாரா என்பதை இப்படிப் பாருங்கள். பிரஷைத் தூக்கினால் நுரையின் நுனி மடங்கி நிற்க வேண்டும், மேற்பரப்பில் குமிழி எதுவும் கண்ணுக்குத் தெரியக்கூடாது, ஒரு பளபளப்பு இருக்க வேண்டும். பளபளப்பு இல்லாமல் மங்கலாக, வறண்டு இருந்தால் சில சொட்டு நீர் சேர்த்து மறுபடி அடியுங்கள். புதியவர்களின் நுரை பெரும்பாலும் நீர் குறைந்துதான் இருக்கும். உப்புத் தன்மையுள்ள கடின நீர் என்றால் சோப்பு இன்னும் அதிகம் வேண்டும்.

படிகாரம்

சவரம் முடிந்து முகத்தைக் குளிர்ந்த நீரில் கழுவிய பின் ஈரப் படிகாரக் கட்டியைத் தடவினால், அழுத்திய இடங்கள் சுள்ளென்று எரிந்து காட்டிக்கொடுக்கும். அடுத்த முறை அங்கே லேசாகப் போகலாம். சின்னக் கீறலில் ரத்தமும் நிற்கும். ஆழமான வெட்டுக்கு இது மருந்தல்ல, சுத்தமான துணியால் அழுத்திப் பிடிக்க வேண்டும், நிற்காவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும். படிகாரத்துக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. ஒரு கையால் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் கத்தி ஓட்ட வேண்டும், ஆனால் சோப்பு பட்ட விரல் நழுவும். விரல்நுனியை ஈரக் கட்டியில் தேய்த்துக்கொண்டால் தோல் பிடி கிடைக்கும். அந்த விரல் அலகில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், படிகாரம் எஃகை அரிக்கும்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும், கை நடுக்கம் உள்ளவர்களும், முகத்தில் பரு வெடித்திருப்பவர்களும் கத்தியைத் தொடும் முன் மருத்துவரிடம் பேசிவிடுவது நல்லது.

பாதுகாப்பு

சவரம் முடிந்ததும் அலகை அலசி, மெல்லிய துணியில் முதுகிலிருந்து கூரை நோக்கித் துடைத்து, பிடியின் உட்புறத்தையும் ஒற்றி எடுத்து, விரித்த நிலையிலேயே சிறிது நேரம் உலரவிடுங்கள். நீர் தங்குவது அதிகம் ஆணி இருக்கும் இடத்தில்தான், அங்கே நுனித்துணியைச் செருகி எடுங்கள். கார்பன் எஃகு என்றால் மினரல் ஆயிலோ கமீலியா எண்ணெயோ ஒரு துளி தடவுங்கள். குளியலறையின் ஈரக்காற்றில் வைக்க வேண்டாம், அறை அலமாரியே சரி. குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில், பூட்டி வைப்பது இன்னும் நல்லது. விமானத்தில் கைப்பையோடு போகாது, சரக்குப் பெட்டியில்தான் போடவேண்டும்.

முதல் சில நாட்கள் கன்னத்தோடு நிறுத்திக்கொண்டு, கழுத்தையும் தாடையையும் வழக்கமான ரேசரில் முடியுங்கள். முதுகு தோலிலிருந்து ஏறக்குறைய ஒன்று அல்லது இரண்டு முதுகுத் தடிப்பு அளவு மட்டும் எழும்பியிருக்கட்டும், அதாவது சுமார் 30 பாகைக்குள். அந்தக் கோணத்தில் அழுத்தாமல் முடி போகவில்லை என்றால், கத்தியைத் தீட்ட அனுப்புங்கள்.

இரண்டாவது கத்தியை இந்தக் கட்டத்தில் வாங்குங்கள். ஒன்று தீட்டப் போயிருக்கும் நாட்களில் பழகிய கை சும்மா இருக்க வேண்டியதில்லை. முதல் கத்தி 5/8 என்றால் அடுத்தது 6/8 எடுத்துப் பாருங்கள், உங்கள் தாடிக்கு எது ஒத்துவருகிறது என்பது இரண்டையும் மாறி மாறிப் பயன்படுத்தும்போதுதான் தெரியும்.